சுவரில் ஒட்டிய ஏழாவது வரிசை

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் கட்டம் போடத் தோன்றும். கல்யாணத்துக்கு யார் எந்தப் பஸ்ஸில் வருகிறார்கள், வீட்டில் எந்தப் பல்பை எப்போது மாற்றினோம், கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது, எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டமும் கட்டாயம் இருக்கும். (அது இல்லாத பட்டியல் எனக்கு ரசம் இல்லாத சாப்பாடு.) இந்த வியாதி முற்றி, ஒரு பெண்மணியின் வாழ்க்கையில் நான் செய்து வைத்த காரியத்தைத்தான் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிறேன். சிரிக்கவேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் முழுசாகச் சிரித்து முடிக்கவில்லை.

அடுகோடியில் என் அக்கா வசந்தா ஒரு தையல் யூனிட் நடத்துகிறாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கான கோட்டு, இதுதான் தொழில். கீழே தையல் மெஷின்கள், இஸ்திரி மேஜை, கண்ணாடித் தடுப்புப் போட்ட ஒரு சின்ன ஆபீஸ். மாடியில் துணி வெட்டும் கட்டிங் பிரிவு. நான் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனியில் பத்து வருஷம் எக்செல் ஷீட்டோடு குடித்தனம் நடத்தியவன். அந்தக் கம்பெனி ஒரு நாள் எங்கள் டீமையே ஒரு பட்டியலில் போட்டு வீட்டுக்கு அனுப்பியது. (என் பெயர் பதினொன்றாவது. பரவாயில்லை, நீட்டாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.) அக்காதான் கூப்பிட்டு, ஆபீஸைப் பார்த்துக்கொள் என்றாள்.

அக்காவிடம் பதினைந்து வருஷத் தொழில் இருந்தது, காகிதம் இல்லை. ஊழியர்களின் விவரம் எங்கே என்று கேட்டால் ஒரு பழைய குக்கர் அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுப்பாள். அதில் ஆதார் நகல்கள், பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள், யாருடையது என்றே தெரியாத ஒரு முதுகெலும்பு எக்ஸ்ரே எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. பத்துப் பேரைத் தாண்டியதும் இ.எஸ்.ஐ. வந்தது. இருபதாவது ஆள் சேர்ந்ததும் பி.எஃப். வந்தது. அந்த வேலைகளுக்காக நாங்கள் வைத்துக்கொண்ட கன்சல்டன்ட் அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கோ தீபாவளி. இருபத்திரண்டு பேர், ஒவ்வொருவருக்கும் பதினாறு கட்டம். பதினாறில் ஒன்பதுதான் சட்டம் கேட்டது. மீதி ஏழு என் சொந்தக் கற்பனை: மதம், சொந்த ஊர், படிப்பு, இருக்கிற வியாதி, செய்துகொண்ட ஆபரேஷன், இப்படி. ஏன் கேட்டாய் என்று பின்னால் விசாரணை நடந்தபோது, பக்கத்தில் இடம் காலியாக இருந்தது என்று உண்மையைச் சொன்னேன்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் ஸ்டெல்லாக்கா. விவேக் நகரிலிருந்து வருகிறவர். நாற்பது அடுக்குத் துணியை நூல் பிசகாமல் வெட்டுகிற கை. அதிகம் பேசமாட்டார், மத்தியானச் சாப்பாடும் மாடியிலேயே. சாயங்காலம் ஐந்தரைக்கு அவருடைய கணவர் லாரன்ஸ் ஸ்கூட்டரில் வந்துவிடுவார். பிளம்பர் வேலை, சாது, எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார். ஸ்டெல்லாக்கா இறங்கி வந்ததும் ஹெல்மெட்டை அவரே எடுத்துக் கொடுப்பார். யூனிட்டில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானாலும், ஸ்டெல்லாக்கா வீட்டுக்காரர் மாதிரி அமையணும் என்று மற்றவர்கள் வாழ்த்துவது வழக்கம்.

பி.எஃப். நாமினி ஃபார்ம் நிரப்பிய வாரத்தில் ஸ்டெல்லாக்கா ஒரு நாள் இறங்கி வந்து, ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு, ஒட்டிய கவர் ஒன்றை என் மேஜையில் வைத்தார். பி.எஃப். விதியில் ஒரு சங்கதி உண்டு. கல்யாணமான பெண் தன் கணவரைக் குடும்பம் என்ற கணக்கிலிருந்து விலக்கி வைக்க விரும்பினால், கமிஷனருக்கு எழுதிக் கொடுக்கலாம். எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். மாதாகோயிலில் பழக்கமான ஒரு வக்கீலம்மா சொல்லிக் கொடுத்து ஸ்டெல்லாக்கா எழுதிய கடிதம் அது. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வரவேண்டியது தன் மகளுக்கும் தன் அம்மாவுக்கும் மட்டும்தான் வரவேண்டும், கணவருக்குக் கிடையாது என்று இருந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை. விதியும் காரணம் கேட்கவில்லை.

"ஸார், இது உங்களோட இருக்கட்டும். மேடத்துக்குக்கூட இப்ப தெரிய வேணாம்" என்றார். மேடம் என்றது என் அக்காவை.

சரிக்கா என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் பி.எஃப். ஆபீஸுக்கு அனுப்பினேன், இன்னொன்றை அவர் ஃபைலில் வைத்தேன். பிறகு எக்செல்லில் அவருடைய வரிசையில், ஏழாவது வரிசை, குறிப்புக் கட்டத்தில் ஓர் எழுத்துப் பிழையில்லாமல் பதிந்தேன்: 'கணவரைக் குடும்பத்திலிருந்து விலக்கிக் கடிதம் கொடுத்துள்ளார். நகல் ஃபைலில்.' ரகசியத்தைக் காப்பாற்றுவது என்றால் அதைத் தப்பில்லாமல் எழுதி வைப்பது என்று நான் நம்பிய காலம் அது.

இரண்டு மாதம் கழித்துக் கன்சல்டன்ட் மறுபடி வந்தார். லேபர் இன்ஸ்பெக்டர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், தயாராக இருங்கள் என்று கன்னடத்தில் ஒரு அரை மணி பேசினார். முக்கியமாக இரண்டு விஷயம். வேலை நேரம், வார விடுமுறை, குறைந்தபட்சக் கூலி, சட்டங்களின் சுருக்கம் இதையெல்லாம் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி சுவரில் ஒட்டவேண்டும். அடுத்தது, ஊழியர்களின் விவரத்தை அவரவரிடம் காட்டிச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டவேண்டும். அதெல்லாம் உங்கள் சொத்து இல்லை, அவர்கள் நம்பிக் கொடுத்தது, இப்போது அதற்கென்றே தனிச் சட்டமும் வந்திருக்கிறது, விளையாடாதீர்கள் என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டு, இரண்டாவது காபியையும் குடித்துவிட்டுப் போனார்.

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒன்று, ஒட்டவேண்டும். இரண்டு, சரிபார்க்கவேண்டும். பூட்டவேண்டும் என்பதை மூன்றாவதாக எழுதுவதற்குள் அக்கா எதற்கோ கூப்பிட்டுவிட்டாள்.

சாயங்காலம் நோட்டைப் பார்த்தபோது எனக்கு ஒரு ஞானோதயம். தேர்தலுக்கு முன்னால் எங்கள் தெரு முனைப் பள்ளிக்கூடச் சுவரில் வரைவு வாக்காளர் பட்டியல் ஒட்டுவார்கள். மொத்தத் தெருவும் போய் நிற்கும். ஆள்காட்டி விரலை வைத்து வரி வரியாக இறங்கி, தன் பெயரைக் கண்டுபிடித்து, தப்பு இருந்தால் போய்ச் சொல்வார்கள். (பக்கத்து வீட்டம்மாவின் வயதையும் கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.) அரசாங்கமே அப்படித்தானே செய்கிறது? நாமும் ஒட்டினால் ஒரே கல்லில் ஒட்டினதும் ஆச்சு, சரிபார்த்ததும் ஆச்சு. இருபத்திரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தால் எத்தனை நேரம் வீண்.

பெரிய தாளாக நாலு பக்கம் பிரிண்ட் எடுக்க ஓசூர் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் தாளைச் சுருட்டிக் கொடுக்கும்போது, உங்க கம்பெனியில இஸ்திரி போடறவர் பி.காமா ஸார் என்று கேட்டார். கடவுள் என்னை எச்சரிக்க அனுப்பிய ஆள் அவர். நான் ஆமாம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் மைதா மாவில் பசை காய்ச்சி ஒட்டினேன். செலோடேப் போட்டால் ஒரு வாரத்தில் உரிந்துவிடும், அரசியல் கட்சிக்காரர்கள் மைதாதான் போடுகிறார்கள் என்று கேள்வி. வாசலைத் தாண்டியதும் வலதுபக்கச் சுவர், காத்திருக்கிறவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் மேலே. ஒரு பக்கம் சட்டச் சுருக்கம், இன்னொரு பக்கம் இருபத்திரண்டு உயிர்கள். மேலே சிவப்பில், 'திருத்தம் இருந்தால் மூன்று நாட்களுக்குள் தெரிவிக்கவும்' என்று தமிழிலும் கன்னடத்திலும். பின்னால் நகர்ந்து நின்று பார்த்தேன். அவ்வளவு திருப்தியாக இருந்தது.

ஸ்டெல்லாக்கா சொன்னது ஒட்டும்போது ஞாபகம் வரவில்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். என் மனைவி இன்னும் கேட்கிறாள். வரவில்லை. அதுதான் வெட்கக்கேடு. அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன விஷயம், கட்டத்துக்குள் போனதும் எனக்கு வெறும் கட்டமாகிவிட்டது. முந்நூற்றைம்பது கட்டங்களில் அது ஒன்று.

திங்கட்கிழமை அக்கா ஆர்டர் விஷயமாக ஜெயநகர் பக்கம் போயிருந்தாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சுவர் முன்னால் நல்ல கூட்டம். ஆபீஸ் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் வரி வரியாக இறங்கின. காலர் தைக்கிற புஷ்பா முப்பத்தெட்டு வயதில் நாலைந்து வருஷமாக நின்றிருந்தவர். அன்றைக்கு ஒரே நிமிஷத்தில் நாற்பத்தேழு ஆனார். இஸ்திரி மாஸ்டர் முனிரத்தினம் பி.காம். படித்தவர் என்பது வெளியே வந்தது. படித்துவிட்டு இஸ்திரி போடுகிறான் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக எட்டாவது ஃபெயில் என்று சொல்லி வைத்திருந்தாராம். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

பிறகு கூட்டத்தில் பேச்சு நின்றது. ஏழாவது வரிசைக்கு வந்துவிட்டார்கள் என்று எனக்கு உறைக்கவில்லை. ரொம்பக் கவனமாகப் படிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொருவராகக் கலைந்து மெஷினுக்குப் போனார்கள். மாடிக்குப் போய் ஸ்டெல்லாக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்?

ஐந்து இருபதுக்கு லாரன்ஸ் வந்தார். பெஞ்சில் உட்காரப் போனவர், புதுசாக ஏதோ ஒட்டியிருக்கிறதே என்று நிமிர்ந்து பார்த்தார். காத்திருக்கிற மனுஷன் எதைத்தான் படிக்கமாட்டான்? சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மனைவி பெயரைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் கணவர் பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தார். விரல் அங்கிருந்து வலதுபக்கம் நகர்ந்து நகர்ந்து கடைசிக் கட்டத்தில் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, வெளியே போய் ஸ்கூட்டரில் உட்கார்ந்தார்.

இவருக்கே பிடித்துவிட்டதே, பட்டியலைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறாரே என்று நான் பூரித்துப்போனேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஸ்டெல்லாக்கா இறங்கி வந்தார், வழக்கம்போல எதையும் பார்க்காமல் நேராக வெளியே போனார். லாரன்ஸ் ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தார். போய்விட்டார்கள்.

அக்கா ஆறு மணிக்கு வந்தாள். கைப்பையைக்கூட இறக்காமல் சுவரைப் படித்தாள். ஏழாவது வரிசையில் அவளும் நின்றாள்.

"டேய் சீனு, ஸ்டெல்லா எங்க?"

"போயிட்டாங்களே."

"அவர் வந்தாரா?"

"வந்தார்க்கா. போட்டோகூட எடுத்துக்கிட்டார்."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்கு மூடிய கதவும் ஒட்டிய கவரும் ஞாபகத்துக்கு வந்தன.

பட்டியலைக் கிழிக்கப் போனோம். மைதாப் பசை. நகத்தால் சுரண்டினேன், ஸ்கேலால் சுரண்டினேன், கட்சிக்காரர்கள் ஏன் மைதா போடுகிறார்கள் என்று நன்றாகப் புரிந்தது. கடைசியில் அக்கா ஸ்டீம் அயர்னைச் சூடாக்கிச் சுவரில் வைத்து ஆவி பிடிக்க, நான் பின்னாலேயே உரித்துக்கொண்டு வந்தேன். அக்காவும் தம்பியுமாக ஒரு மணி நேரம் சுவருக்கு இஸ்திரி போட்டோம்.

அந்தப் பதற்றத்தில்தான் நான் இரண்டாவது காரியத்தைச் செய்தேன். அக்காவிடம் கேட்காமல், ஸ்டெல்லாக்காவிடமும் கேட்காமல், லாரன்ஸுக்குப் போன் போட்டேன். அண்ணா, அது கம்ப்யூட்டர் மிஸ்டேக், வேற யாருக்கோ போடவேண்டியது மாறி விழுந்துடுச்சு என்றேன். லாரன்ஸ் ரொம்ப மரியாதையாக, அப்படியா ஸார், இவளும் அதையேதான் சொல்றா, மனசு பேஜாரா இருந்துச்சு, காலையில வர்றேன், சரி பண்ணிக் குடுத்துடுங்க என்றார். போனை வைத்ததும் அப்பாடா என்றிருந்தது. சரி பண்ணிக் குடுத்துடுங்க என்றால் என்ன அர்த்தம் என்பது வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் மண்டையில் ஏறியது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். லாரன்ஸ் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். என் மேஜையில் தன் ஆதார் நகலையும், இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவையும் வரிசையாக வைத்தார். ஸ்டெல்லாக்கா நேற்று உடுத்தியிருந்த அதே புடவையில் இருந்தார். ராத்திரி முழுக்க அது மிஸ்டேக் என்று அவர் சாதித்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர் தப்பித்துக்கொள்ள என் பொய் ஓர் இரவுக்கு உதவியிருந்தது. இப்போது அதே பொய் அவர் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டது. புது ஃபார்ம் எடுங்க ஸார், பேரைச் சேர்த்துட்டா முடிஞ்சுது என்றார் லாரன்ஸ்.

ஃபார்மை எடுத்து வைத்தேன். அக்கா கதவருகில் நின்றிருந்தாள். ஸ்டெல்லாக்கா பேனாவை எடுத்தார். தன் மகளுக்கும் அம்மாவுக்குமென்று அவர் தனியாக யோசித்து, தனியாகப் போய்க் கேட்டு எழுதிய அந்த ஒரு கடிதம், நான் சொன்ன ஒரு பொய்யால் இல்லாமல் போகப்போகிறது. அவர் கையெழுத்து விழுந்தால் அதற்கப்புறம் யாராலும் ஒன்றும் செய்யமுடியாது. கன்சல்டன்ட் விரலை ஆட்டிச் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது.

"லாரன்ஸ் அண்ணா, நீங்க ஒரு நிமிஷம் வெளிய இருங்க. இது அவங்க சொந்த விவரம். அவங்க மட்டும் இருந்துதான் எழுதணும்."

லாரன்ஸ் என்னை நிதானமாகப் பார்த்தார். கோபப்படவில்லை.

"நேத்து செவுத்துல ஊரே படிச்சுது ஸார். இன்னிக்கு நான் மட்டும் வெளிய நிக்கணுமா?"

எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் படிக்காத தீர்ப்பு அது. நியாயம் முழுக்க அவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது, அதை அங்கே உட்காரவைத்தவன் நான்.

"நீங்க சொல்றது சரிதாண்ணா" என்றேன். "ஒட்டினது என் தப்பு. போன்ல பொய் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. கம்ப்யூட்டர் எந்த மிஸ்டேக்கும் பண்ணல. ஆனா ஃபார்ம்ல யார் பேர் இருக்கணும்கறது ஸ்டெல்லாக்கா முடிவு. நான் சொல்லக்கூடாது, மேடம் சொல்லக்கூடாது, நீங்களும் சொல்லக்கூடாது. ஸ்டெல்லாக்கா, உங்களுக்கு வேணாம்னா கையெழுத்துப் போடாதீங்க."

இதைச் சொல்லி அவரை இன்னும் பெரிய பள்ளத்தில் தள்ளுகிறேனோ என்று பயமாகத்தான் இருந்தது. ஸ்டெல்லாக்கா ஃபார்மையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடி மேஜையில் வைத்தார். கணவர் பக்கம் திரும்பினார்.

"மிஸ்டேக் இல்ல. நான்தான் எழுதிக் குடுத்தேன். ஏன்னு உங்களுக்குத் தெரியும். இங்க சொல்லணுமா?"

லாரன்ஸ் ஆதார் நகலை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போட்டோ இரண்டையும் எடுத்துக்கொண்டார். வெளியே போகும்போது பழக்க தோஷத்தில் எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு ஸ்கூட்டர் வரவில்லை. ஸ்டெல்லாக்கா பஸ்ஸில் போனார்.

போவதற்கு முன்னால் ஆபீஸுக்குள் வந்தார். நான் எழுந்து நின்று, மன்னிச்சுடுங்கக்கா என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் உட்காரவில்லை.

"பொண்ணுக்கு பரீட்சை முடியட்டும், நானே சொல்லிடலாம்னு இருந்தேன் ஸார். ரெண்டு மாசம் இருந்துச்சு. அந்த ரெண்டு மாசத்தை நீங்க எடுத்துக்கிட்டீங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. நான் என் வாழ்க்கையில் வாங்கிய திட்டுகளுக்கெல்லாம் ஒரு பட்டியல் போட்டால் (போட்டிருக்கிறேன்) இதுதான் முதல் வரிசை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அடுத்த மூன்று நாள் அவர் வரவில்லை. வேலையை விட்டுவிட்டார் என்றே நினைத்தோம். அக்கா கட்டிங் மேஜையை யாரையும் தொடவிடவில்லை. கன்சல்டன்ட்டுக்குப் போன் செய்து நடந்ததை ஒப்பித்தேன். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே தன் மனைவியிடம் யாரைப் பற்றியோ கன்னடத்தில் 'பாவம்' என்றார். அது ஸ்டெல்லாக்காவைப் பற்றி என்று எடுத்துக்கொண்டேன். நான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அக்கா உத்தரவு போட்டாள். நல்லதாக ஒரு மன்னிப்புக் கடிதம் டைப் செய்துகொண்டு வந்தேன். "இதை எங்கடா ஒட்டப்போற?" என்றாள். அதனால் ஒவ்வொரு மெஷினாகப் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வாயால் கேட்டேன். புஷ்பா மட்டும் ஒரு வாரம் பேசவில்லை. முனிரத்தினம், விடுங்க ஸார், சும்னே எத்தனை நாள் எட்டாவது ஃபெயிலாவே இருக்கறது என்று பாதிக் கன்னடத்தில் சொல்லிவிட்டு இஸ்திரியைத் தொடர்ந்தார். இப்போது யூனிட்டில் யாருக்கு பாங்க் ஃபார்ம் நிரப்ப வேண்டுமானாலும் அவரிடம்தான் போகிறார்கள்.

நாலாம் நாள் ஸ்டெல்லாக்கா வந்தார். வேலைக்கு வருவதாக இருந்தால் ஒரு விஷயம் என்றார். தன்னைப் பற்றி நான் வைத்திருக்கிற ஒவ்வொரு காகிதத்தையும் பார்க்கவேண்டும். எடுத்து வைத்தேன். என்னுடைய ஏழு கற்பனைக் கட்டங்களையும் படித்தார். ஆபரேஷன் என்ற கட்டத்தில் விரலை வைத்து, இது எதுக்கு ஸார் உங்களுக்கு என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அப்ப எதுக்கு வாங்கினீங்க என்றார். அதற்கும் தெரியவில்லை.

அன்றைக்கே கன்சல்டன்ட்டைக் கேட்டு, சட்டப்படி வைத்துக்கொள்ள வேண்டியவை எவை, எங்களுக்குச் சம்பந்தமில்லாதவை எவை என்று பிரித்தோம். மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேடு, சம்பள ரெஜிஸ்டர், பி.எஃப்., இ.எஸ்.ஐ. காகிதங்கள் பீரோவுக்குப் போயின. இருபத்திரண்டு பேருடைய மதமும் வியாதியும் ஆபரேஷனும் எழுதிய காகிதம் ஒரு சாண் உயரத்துக்குத் தேறியது. எக்செல்லில் இருந்ததை அக்கா பின்னால் நின்றுகொண்டு என் கையாலேயே அழிக்கவைத்தாள். காகிதத்தை ஸ்டெல்லாக்கா மாடிக்கு எடுத்துப் போனார். துணியை அடுக்குகிற மாதிரி அடுக்கி, கிளிப் போட்டு, கட்டிங் மெஷினை வைத்துக் கீற்றுக் கீற்றாக வெட்டினார். நான் படியில் நின்று பார்த்தேன். வெட்டி முடித்ததும் கீற்றுகளைக் கோணியில் அள்ளி என்னிடமே கொடுத்தார்.

அதற்கப்புறம் எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரும் தங்கள் ஃபைலைத் தாங்களே ஆபீஸில் தனியாக உட்கார்ந்து படிக்கவேண்டும். அந்த நேரத்தில் நான் உள்ளே இருக்கக்கூடாது என்பது அக்கா போட்ட விதி. அதனால் இருபத்திரண்டு பேர் படித்து முடிக்கும் வரை வெயிலில் தெருவில் நிற்பேன். எதிர்க் கடைக்காரர், என்ன ஸார், தொரத்திட்டாங்களா என்று வருஷா வருஷம் கேட்பார். நாமினி விவகாரத்தை இப்போது அவரவர் போனிலேயே போட்டுக்கொள்கிறார்கள். யார் பெயரை யார் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

வீட்டில் என் பெயர் கெட்டது கெட்டதுதான். அக்கா மகள் கல்லூரியில் யாரையோ விரும்புகிறாள் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்து ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "உங்கிட்ட சொன்னா செவுத்துல ஒட்டிடுவே மாமா" என்கிறாள். உறவில் யாருக்குப் பெண் பார்த்தாலும், யார் வீட்டில் சண்டை என்றாலும், நான் உள்ளே நுழைந்ததும் யாராவது ஒருவர் 'மைதா வந்தாச்சு' என்பார். பேச்சு நின்றுவிடும். போன மாதம் டாக்டரிடம் போயிருந்தோம். என் மனைவி தன் உடம்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவள், சட்டென்று நிறுத்தி, இவர் கொஞ்சம் வெளிய இருக்கட்டும் டாக்டர், இவருக்கு ஒட்டற வியாதி இருக்கு என்றாள். டாக்டர் தொற்று நோய் என்று நினைத்து மாஸ்க்கை இழுத்து விட்டுக்கொண்டார்.

ஸ்டெல்லாக்கா இப்போது மகளோடும் அம்மாவோடும் தனியாக இருக்கிறார். கடிதத்துக்கான காரணம் எனக்கு அதற்கப்புறம்தான் தெரியவந்தது. மகள் அந்தப் பரீட்சையை எழுதினாள். எதிர்பார்த்த மார்க் வரவில்லை. அடுத்த முறை உட்கார்ந்து எழுதி வாங்கினாள். அந்த ஒரு வருஷமும் என் கணக்கில்தான்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் ஒரே ஒரு பிரதி எடுத்து, கவரில் போட்டு ஒட்டி, மாடிக்குப் போய் அவரிடம் கொடுத்தேன். உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன், நீங்கள் சரி என்றால்தான் வெளியே போகும், இல்லாவிட்டால் உங்கள் மெஷினிலேயே வெட்டிவிடுங்கள் என்றேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தார். தன் பெயரை அடித்துவிட்டு மேலே 'ஸ்டெல்லா' என்று எழுதினார். சின்ன வயதில் அந்தப் பெயர்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். கணவருக்கும் அவரே ஒரு பெயர் வைத்தார். புஷ்பா, முனிரத்தினம் இருவரிடமும் கேட்டீர்களா என்று விசாரித்தார். கேட்டு, அவர்களும் பெயர் மாற்றிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டினேன். பிறகு ஓரிடத்தில் நிறுத்தி, ஸ்கேலை வைத்து, ஒரு முழுப் பத்தியைக் குறுக்கே அடித்தார். இது மட்டும் வேணாம் ஸார் என்றார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டு, பழையபடி கவரில் வைத்துக் கொடுத்தார்.

இந்தக் கட்டுரையிலேயே நான் ஒழுங்காக எழுதியிருந்த பத்தி அதுதான். அந்தக் கடிதத்தை அவர் ஏன் எழுதினார் என்பது அதில்தான் இருந்தது.